முகத்துவாரத்தின் ஏழு புள்ளிகள்

ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றுகொண்டே விற்காதே. முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்.

கடிதத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீ வைத்துவிடுகிறாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். காகிதத்தில் அந்த வசதி இல்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் பனிமூட்டத்தில் இங்கே இரண்டு படகுகள் முகத்துவாரத்தில் தட்டிவிட்டன. உனக்குத் தெரியாத இடமா? உள்ளே வரும்போது வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் மணல்மேடு, நடுவில் நூற்றைம்பது அடி அகலத்துக்குத்தான் ஆழத் தண்ணீர். மூட்டம் இறங்கினால் படகின் மூக்குகூடத் தெரிவதில்லை. நம் படகில் இருந்த பழைய ஜி.பி.எஸ். பெட்டி உப்புத்தண்ணீர் குடித்துச் செத்துப்போயிற்று. கையில் பிடிக்கிற மாதிரி, தண்ணீர் புகாத, திரையில் வரைபடம் தெரிகிற ஒன்று வேண்டும். தங்கச்சி மாப்பிள்ளை இரண்டு வருஷமாக என்னோடு படகில் வருகிறார் அல்லவா, அவர் போனில் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டு மாடல்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. இத்தனை வருஷமாக அந்தக் கடைக் கவுண்டரில் இதைத்தானே விற்கிறாய், நீயே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பு.

கரையில் எல்லோரும் "மணல்மேட்டார் எப்படி இருக்கார்?" என்று உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள். பிரியமாகத்தான் கேட்கிறார்கள்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இடுப்பு இருக்கிறது, வலியும் இருக்கிறது. ஸ்டூல் கேட்டேன். "உக்காந்துகிட்டு வித்தா வாங்குறவன் நம்பமாட்டான்" என்றார் முதலாளி.

மாப்பிள்ளையின் பட்டியலைக் கிழித்துப் போடு. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் டிவி வாங்க வந்தவர்கள் மாதிரி முதலில் திரையின் அளவைத்தான் பார்ப்பார்கள். நீ அப்படிப் பார்க்காதே. 'தண்ணீர் புகாது' என்று பெட்டியில் போட்டிருந்தால் அதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம். அதற்குக் கீழே போனால் கருவியைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது. அடுத்தது, விழுந்தால் மிதக்கிற மாடல் உண்டு, மூழ்குகிற மாடல் உண்டு. மிதக்கிறதைத்தான் வாங்க வேண்டும். டச் ஸ்கிரீன் வேண்டவே வேண்டாம், ஈரக்கை பட்டால் உன்னை வேறு கண்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். கையுறையோடு அழுத்துகிற மாதிரி பட்டன் வேண்டும். சார்ஜ் போடுகிற சாதி ஆகாது, கடையில் கிடைக்கிற சாதாரண பேட்டரி இரண்டு போட்டால் ஓட வேண்டும். வெயிலிலும் திரை தெரிய வேண்டும். இத்தனையும் உள்ள மாடல் ஒன்றுதான் இருக்கிறது. மஞ்சள் நிறம். அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

கருவியோடு வரும் வரைபடத்தில் நம் முகத்துவாரம் வெறும் நீலமாக இருக்கிறது. பாறையும் இல்லை, மேடும் இல்லை. வழியை நானே புள்ளி புள்ளியாக ஏற்றித் தருகிறேன்.

பிரியமாகக் கேட்டவர்களிடம் என் பிரியத்தையும் சொல். பன்னிரண்டு வருஷமாகியும் மறக்காமல் இருக்கிறார்களே.

தங்கச்சியின் இருமல் நின்றதா?

அண்ணன்


மே 2

அண்ணனுக்கு,

தங்கச்சிக்கு இருமல் நின்றுவிட்டது. வீட்டில் எல்லோரும் சுகம். அண்ணிக்கு இரத்தக்கொதிப்பு என்று கேள்விப்பட்டேன், உப்பைக் குறைக்கச் சொல்.

மஞ்சளே இருக்கட்டும். பட்டியலைக் கிழிக்கச் சொன்னாய் என்றதும் மாப்பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. நீ சொன்ன மாடல் அவர் பட்டியலில் மூன்றாவதாக இருந்ததாம். அதைக் கண்டுபிடித்த பிறகு வீட்டில் அவர் பேச்சுத் தாங்கவில்லை. "பெரிய மச்சானும் நானும் ஒரே மாதிரி யோசிக்கிறோம்" என்று கரையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். வெகுளி மனுஷன். அலை கொஞ்சம் எழும்பினால் இன்னும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்தால் சொன்னபடி செய்வார். ஒரு இஞ்சு கூட விலகமாட்டார்.

புள்ளிகளை ஏற்றி அனுப்பு. மூட்டம் இறங்குவதற்கு முன் கைக்குப் பழக வேண்டும்.

உன் தம்பி


மே 27

தம்பிக்கு,

நலம். அண்ணி உப்பைக் குறைத்துவிட்டாள், எனக்கும் சேர்த்து.

இந்தக் கடிதம் வருவதற்குள் பார்சல் வந்திருக்கும். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன். உள்ளேயே விட்டால் கசிந்து கெட்டுவிடும். முகத்துவாரத்துக்கு ஏழு புள்ளிகள் ஏற்றியிருக்கிறேன். வெளிப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று வரிசையாக வந்தால் ஏழாவது புள்ளி படகுத்துறை. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய காகித வரைபடத்திலிருந்து எடுத்த எண்கள்.

புள்ளி ஏற்றும்போது அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணல்மேடு. அன்றைக்கு நான் கீழே இன்ஜின் அறையில் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? கைகள் இரண்டிலும் எண்ணெய். படகு மேட்டில் ஏறிய அதிர்ச்சியில் என் தலை இரும்பில் இடித்தது. மேலே ஓடி வந்தேன். சுக்கானுக்குப் பக்கத்தில் நீ வெளுத்துப்போய் நின்றாய். "அண்ணா, அடுத்த வாரம் எனக்கு லைசென்ஸ் டெஸ்ட்" என்றாய். கரையில் யார் ஓட்டியது என்று கேட்டார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். டெஸ்டில் நீ பாஸ் செய்தாய். லைசென்ஸ் வந்தது. கரையில் நின்று "அண்ணனுக்குக் கடல் ஒத்துவராது" என்று சொன்னாய். அப்புறம் யாரும் என்னைப் படகில் ஏற்றவில்லை. மணல்மேட்டார் என்ற பெயர் மட்டும் ஏறிக்கொண்டது.

சுக்கான் யார் கையில் இருந்தது? இதை உன்னிடம் நான் எழுத்தில் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 20

அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பார்சல் பத்திரமாக வந்தது. மாப்பிள்ளை அதை வாளித் தண்ணீரில் முக்கி அரைமணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கச்சி துணி துவைக்க வாளி கேட்டும் கொடுக்கவில்லை. கருவிப் புத்தகத்தை இரண்டு தடவை படித்து முடித்துவிட்டார். எந்தப் பட்டனை எத்தனை தடவை அழுத்தினால் என்ன வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வரவில்லை. நான் மட்டும் நல்ல வெயிலில் எடுத்துக்கொண்டு போனேன். என்னவோ சரியில்லை. புள்ளிகளைப் பார்த்து வந்தால் மூன்றாவது புள்ளிக்கும் நான்காவது புள்ளிக்கும் நடுவில் திரையில் வழி இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் பாறை இருக்கிறது. நிதானமாகப் போனதால் திருப்பிக்கொண்டேன். எண்களைத் தப்பாக அடித்துவிட்டாயா? பார்த்து உடனே எழுது.

அண்ணிக்கு வணக்கம்.

உன் தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாகக் கரை திரும்பியதில் சந்தோஷம்.

எண்களைத் தப்பாக அடிக்கவில்லை. அந்தக் காகித வரைபடத்தை வரைந்தவர்கள் பூமியை அளந்த விதம் வேறு, செயற்கைக்கோள் அளக்கிற விதம் வேறு. காகிதத்தின் எண்ணை அப்படியே கருவியில் அடித்தால் நம் கரையில் முந்நூறு அடி தள்ளிக் காட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் வடக்கே ஒரு எண், கிழக்கே ஒரு எண் கூட்ட வேண்டும். கடையில் முதல் வருஷமே கற்றுக்கொண்ட பாடம் இது. மறந்துவிட்டாயா என்று கேட்டால், இல்லை. நீ வெயிலில் ஒரு தடவை போய்ப் பார்ப்பாய், பார்த்ததும் எனக்கு எழுதுவாய் என்று தெரியும். எழுதிவிட்டாய்.

அந்த இரண்டு எண்களும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. போன கடிதத்தில் நான் கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு வரி பதில் எழுதி அனுப்பு. அடுத்த தபாலிலேயே எண்கள் வரும். போனில் சொல்லாதே, எனக்கு எழுத்தில் வேண்டும். நான் கரைக்கு வந்து பத்துப் பேர் முன்னால் அதைப் படித்துக் காட்டவேண்டும்.

காகிதம் தேடிக் கஷ்டப்படாதே. இந்தத் தாளில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறேன். பின்பக்கம் காலி. அதிலேயே எழுதி அனுப்பு.

மாப்பிள்ளையையும் தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஆகஸ்ட் 30

அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இடையில் மழை, வலை கிழிசல், எனக்குப் பல்வலி. இப்போது பல்லைப் பிடுங்கியாயிற்று. நீ எப்படி இருக்கிறாய்?

இன்ஜினுக்குப் புது ஃபில்டர் மாற்றினேன். மேல்தளத்துக்கு மாப்பிள்ளை பெயிண்ட் அடித்தார். தங்கச்சி வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான், இன்னும் ஒழுகுகிறது.

கருவியை அலமாரியில் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை தினமும் கேட்கிறார். மூட்டம் வந்தால் எடுக்கலாம், இப்போதே எடுத்துப் பாழாக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாது, அவருக்குப் புள்ளி குறிக்கத் தெரியும். தப்பாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் வெயில் நாளில் போய்ப் பத்து நிமிடத்தில் புதிதாகக் குறித்துவிடுவார். ஆனால் சொன்ன மறுநிமிடம் "பெரிய மச்சானையே கேட்டுடலாமே" என்று உனக்குப் போன் போடுவார். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

நீ கவுண்டரில் நின்றுகொண்டு ஒரு ஆளை இப்படி மிரட்டலாம் என்று யார் சொல்லிக் கொடுத்தது? நான் பயப்படுகிற ஆள் இல்லை. உன் கருவி இல்லாமலேயே பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

உன் தம்பி


செப்டம்பர் 15

தம்பிக்கு,

பல் போனது பற்றி வருத்தம். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் வாயை இறுக்கி மூடியிருந்தாய் என்று நினைக்கிறேன்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஃபில்டர் இருக்கிறது, பெயிண்ட் இருக்கிறது, ஒழுகுகிற குழாய் இருக்கிறது. நான் கேட்ட ஒரு வரி மட்டும் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வருஷமும் ஒரு நாளும். அந்த முதல் நாளையும் சேர்த்துக்கொள்.

அடுத்த மாதம் மூட்டம் இறங்கிவிடும். நீ மோதமாட்டாய், எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் முகத்துவாரத்துக்கு வெளியே விசில் ஊதிக்கொண்டு நிற்பாய். எனக்கு அது போதும். நான் டிராயரைப் பூட்டவில்லை. எழுதினால் அன்றே அனுப்புவேன்.

அண்ணிக்கு இரத்தக்கொதிப்பு இறங்கியிருக்கிறது. எனக்கு ஏறவில்லை.

அண்ணன்


நவம்பர் 4

அண்ணனுக்கு,

நீ வந்துவிட்டுப் போய் இருபது நாளாகிறது. இரண்டு நாள் தங்கச்சி வீட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எல்லோரும் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துக்கமும்தான்.

இது உன் ஜூலைக் கடிதத்தின் பின்பக்கம் என்பதைப் பார்த்திருப்பாய். காலியாக விட்டு அனுப்பினாயே, வீணாக்க வேண்டாம் என்று அதிலேயே எழுதுகிறேன்.

மூட்டம் இறங்கிய அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், படுத்திருந்தேன். மாப்பிள்ளை காலையில் வந்தார். வெளியே நல்ல வெயில். "மச்சான், நான் மட்டும் ஒரு நடை போயிட்டு வந்துடறேன். அந்தக் கருவிய எடுத்துக்கட்டுமா? மத்தியானம் மூட்டம் வரும்னு ரேடியோல சொன்னான்" என்றார். எடுத்துக்கோங்க என்றேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் பழைய கதையையும் சொல்ல வேண்டும். மூட்டம் இறங்காது, இறங்கினாலும் அதற்குள் வந்துவிடுவார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மிதக்கிற மாடல்தான் நல்லது என்று எழுதினாய். கருவி மிதந்தது. அதைத்தான் முதலில் எடுத்தார்கள். அவரை எடுக்க மூன்று நாளானது.

இனி நீ கேட்ட வரி. அன்றைக்குச் சுக்கான் என் கையில்தான் இருந்தது. வெளிச்சமும் நன்றாகத்தான் இருந்தது. நான் வேறு படகைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தேன். மணல்மேட்டில் ஏற்றியது நான். பொய் சொன்னது நான். உன்னைக் கரையைவிட்டுத் துரத்தியது நான்.

போதுமா? பத்துப் பேர் முன்னால் படித்துக் காட்டு. ஆனால் தாளைத் திருப்பிக் காட்டச் சொல்வார்கள். அந்தப் பக்கம் உன் கையெழுத்து இருக்கிறது. நீ தெரிந்தே மறைத்தது இருக்கிறது, எனக்குத் தெரியும் என்பதும் இருக்கிறது. கிழித்துத் தனியாக எடுக்க முடியாது. அந்த இரண்டு எண்களை இனி அனுப்ப வேண்டாம்.

கரையில் நான் சொல்லியிருப்பது இதுதான்: மாப்பிள்ளைக்குக் கடல் ஒத்துவராது, மூட்டத்தில் பதறிப்போய்ச் சுக்கானைத் தப்பாகத் திருப்பிவிட்டார். எல்லோரும் நம்பிவிட்டார்கள். தங்கச்சி மட்டும் நம்பவில்லை. அவள் உனக்கு எழுதுவாள். நீயும் இதையே எழுது.

இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

உன் தம்பி


நவம்பர் 18

அன்புள்ள பெரிய அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்துவிடுகிறார்கள். போனில் கேட்டால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

விசாரணை முடிந்து கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். புது பேட்டரி போட்டேன், உடனே எரிந்தது. அவர் எனக்கும் எல்லாப் பட்டனையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன், அவர் விடமாட்டார். "இது வந்த வழியைக் கோடு போட்டு வெச்சுக்கும், தெரியுமா?" என்பார். அந்தக் கோட்டைத் தேடி எடுத்தேன். போகும்போது அணைத்து வைத்திருக்கிறார். திரும்பும்போது போட்டிருக்கிறார். முதல் புள்ளி, இரண்டாவது, மூன்றாவது என்று நூல் பிடித்த மாதிரி வருகிறது அண்ணா. ஒரு இடத்தில்கூட விலகவில்லை. பதறின மனுஷன் அப்படி ஓட்டுவாரா? நான்காவது புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் நேர்க்கோடு நின்றுவிடுகிறது, அப்புறம் கருவி அலையில் மிதந்து போன கிறுக்கல்தான்.

சின்ன அண்ணன் அவருக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்கிறான். அவனிடம் கேட்டால் எழுந்து போய்விடுகிறான். மார்க்கெட்டில் ஒருத்தி என்னைக் காட்டி "மணல்மேட்டார் பொண்டாட்டி போறா" என்றாள். பாறையில் மோதினவருக்கு அந்தப் பெயர் எதற்கு? அது உன் பெயர்தானே அண்ணா? வேறு ஆள் கிடைத்ததும் மாற்றி வைத்துவிட்டார்கள்.

அந்தக் கருவி உனக்குத் தெரியும். புள்ளிகள் நீ ஏற்றியது. அவர் செய்த தப்பு என்ன? உண்மையிலேயே தப்பு அவருடையது என்று நீ சொன்னால் நம்பிவிடுகிறேன். வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டேன்.

உன் தங்கச்சி


டிசம்பர் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. அண்ணியும் நானும் உன்னை நினைக்காத நாள் இல்லை. வேளைக்குச் சாப்பிடு. இருமல் திரும்ப வந்தால் டாக்டரிடம் போ.

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. நீ கேட்டதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. இருப்பதிலேயே நல்ல மாடல், மாப்பிள்ளையே பட்டியலில் எழுதி வைத்திருந்தாராம். புள்ளிகள் சரியாகத்தான் ஏற்றப்பட்டிருக்கின்றன. திரையில் கோடு நேராகத் தெரிவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கருவி ஒரு வினாடி பிந்திக் காட்டும். அந்த ஒரு வினாடியில் அனுபவம் உள்ளவன் சமாளிப்பான், இல்லாதவன் பதறிவிடுவான். மாப்பிள்ளை நல்ல மனுஷன். ஆனால் அவருக்குக் கடல் ஒத்துவராது. தம்பி சொன்னதுதான் நடந்திருக்கிறது.

என்னிடமும் தம்பியிடமும் இனி இதைப் பற்றிக் கேட்காதே. கேட்கக் கேட்க உனக்குத்தான் கஷ்டம். அந்தக் கருவி வீட்டில் இருந்தால் எடுத்து எடுத்துப் பார்ப்பாய். எனக்கு அனுப்பிவிடு. நான் கடையில் கொடுத்து உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடுகிறேன்.

பெயரைப் பற்றி எழுதியிருந்தாய். முதல் இரண்டு வருஷம் காதில் விழும்போதெல்லாம் வயிறு எரியும். அப்புறம் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நீயே திரும்பிப் பார்ப்பாய். எனக்கு அப்படித்தான் ஆனது. என்னை இப்போது கரையில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று சொல்கிறாய். நல்லது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் பெரிய அண்ணன்

பி.கு.: பார்சல் கட்டும்போது பேட்டரியைக் கழற்றிவிடு. உள்ளே விட்டால் கசிந்து கருவி கெட்டுப்போகும்.